ஐஸ் எடுக்கப் போன லொறி

இந்த அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது, பேச்சுவார்த்தை அறைக்குள் அடக்கமாக இருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் அடங்கவில்லை. அதற்காக என்மீது வந்த முறைப்பாடுகள் எல்லாம் கீழ்த்தளத்துக் கோப்பறையில்தான் கிடக்கின்றன. நேரம் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள், சிலவற்றை நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

சரவணன் கேட்டதால் இதை எழுதுகிறேன். இன்று உங்களுக்கு ஷெஃபாக, அதாவது மேலதிகாரியாக, இருக்கிறாரே, அதே சரவணன்தான். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்றார். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் இல்லை. ஒரு கதை இருக்கிறது. அதில் அவரும் வருகிறார். வெட்டாமல் உங்கள் கையில் தருவாரா என்பதையும் இதோடு பார்த்துவிடலாம்.

நமது வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டில் யாராவது கேட்டால் சொல்லத் தெரியாமல் முழிப்பீர்கள். சுவிஸின் ஊஸ்டர் நகரில் இருந்த என் மாமியார் கடைசிவரை நான் ஏதோ பாங்கில் வேலை செய்கிறேன் என்றுதான் நம்பியிருந்தார். சொந்தமாகச் சட்ட நிபுணர் கூட்டம் வைத்திருக்க முடியாத சின்ன நாடு ஒன்று, பெரிய நாடு ஒன்றோடு பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, அந்தச் சின்ன நாட்டின் பக்கத்தில் போய் உட்காருவதுதான் நம் வேலை. எதிரே இருப்பவர்களுக்குப் பின்னால் சட்டத்தரணிகள் வரிசையாக இருப்பார்கள். நமக்குப் பின்னால் பெரும்பாலும் சுவர்தான் இருக்கும்.

என்னுடைய முதல் மேலதிகாரி பேர்ன் நகரத்துப் பெண்மணி. மழையோ பனியோ, சைக்கிளில்தான் வருவார். ஒரு வசனத்தை அவர் சொல்லி முடிப்பதற்குள் நம் தேநீர் ஆறிவிடும். நான் சேர்ந்த புதிதில் அவர் எந்தச் சர்வதேச ஒப்பந்தத்தையும் என் கையில் தரவில்லை. உன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு வா என்றார். "வாடகைக்கு இருப்பவர்" என்று வரும் இடமெல்லாம் என் பெயரைப் போட்டுச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பொது உடுப்புத் தோய்க்கும் அறையின் சாவி எனக்கு எந்தக் கிழமை கிடைக்கும், அந்த அறையைத் துடைக்காமல் விட்டால் என்னை என்ன செய்வார்கள், என் வீட்டுக்கு வரும் விருந்தாளி எவ்வளவு காலம் தங்கலாம் என்பதெல்லாம் என் வாயாலேயே என் பெயரோடு வந்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. கையெழுத்துப் போட்ட அன்று வராத கோபம். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார், எந்த ஒப்பந்தமானாலும் அது யார் தலையில் விழப்போகிறதோ அவருடைய பெயரைப் போட்டு வாசி, வாசிக்கக் கூசினால் கையெழுத்து வைக்க விடாதே என்று. அன்றிலிருந்து எனக்கு வேறு தொழில்முறை தெரியாது. இது ஒன்றுதான்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ஒரு தீவு நாடு. பெயரை எழுத எனக்கு இன்னும் அனுமதி இல்லை. அந்தத் தீவின் ஒரு கரையில் பெரிய நாடு ஒன்றின் படைத்தளம் இருக்கிறது. தளத்துக்கான ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் பொதுவான இடமாக இருக்கட்டும் என்று சுவிஸில் கூடினார்கள். துன் நகரில், ஏரியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஹோட்டல். அந்த ஹோட்டல் எனக்குப் புதிதில்லை. அகதியாக வந்த காலத்தில் அதன் சமையலறையில்தான் நான் பாத்திரம் கழுவினேன்.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் நீதிமன்ற அதிகாரம் பற்றி ஒரு பிரிவு வரும். வெளிநாட்டுப் படைவீரன் ஒருவன் கடமையில் இருக்கும்போது குற்றம் செய்தால் அவனுடைய நாடு விசாரிக்கும். கடமையில் இல்லாதபோது செய்தால் தளம் இருக்கும் நாட்டின் நீதிமன்றம் விசாரிக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அவன் கடமையில் இருந்தானா இல்லையா என்று யார் சொல்வது? அதுதான் கேள்வி. பழைய ஒப்பந்தத்தில், தளத்தின் கட்டளை அதிகாரி ஒரு சான்றிதழ் கொடுத்தால் போதும், அதற்கு மேல் தீவின் நீதிபதி வாய் திறக்க முடியாது.

டெலியா என்ற பெண் அந்தத் தீவின் ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு நாள் காலையில் வேலை முடிந்து கடற்கரை வீதியால் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். தளத்தின் லொறி ஒன்று அடித்து அந்த இடத்திலேயே செத்துப்போனாள். ஓட்டியவன் குடித்திருந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தளத்தில் அதிகாரிகளின் விருந்து ஒன்றுக்கு ஐஸ் எடுத்துவர அவனை அனுப்பியிருந்தார்கள். அவனை அனுப்பிய அதே அதிகாரி, அவன் கடமையில்தான் இருந்தான் என்று சான்றிதழ் கொடுத்தார். மறுநாளே அவனை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவனுடைய நாட்டில் ராணுவமே விசாரித்து, விபத்து என்று மூடிவிட்டது. எந்த நீதிமன்றமும் அந்த வழக்கைத் தொடவில்லை.

புதிய ஒப்பந்தத்தில் தீவு கேட்டது பெரிய விஷயம் இல்லை. சான்றிதழ் இருக்கட்டும், ஆனால் அது சரியா என்று கேட்கும் உரிமை தீவின் நீதிபதிக்கு வேண்டும். இதுவரை எங்கும் வழக்கு நடக்காத சம்பவங்களுக்கும் அது பொருந்த வேண்டும். அவ்வளவுதான். அது கிடைத்தால் டெலியாவின் வழக்கு திறக்கும். கிடைக்காவிட்டால் அவள் விபத்தில் செத்தவளாகவே இருப்பாள்.

தீவின் தூதுக்குழுத் தலைவர் முன்பு ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். வயதானவர், குரல் உயராது, கோட்டுப் பொத்தான் கழன்றிருந்தால்கூட மன்னிப்புக் கேட்பார். நானும் சரவணனும் அவருக்குச் சட்ட ஆலோசகர்கள். சரவணன் அப்போதுதான் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். வேலை போனால் வதிவிட அனுமதியும் சேர்ந்து போகும் என்ற கவலை அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். அந்தக் கவலையை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை. நானும் அந்தக் கவலையோடு வருடக்கணக்காகத் தூங்கியவள்தான்.

தலைவர்கள் மட்டும் சாப்பிடும் வரவேற்பு விருந்தோடு பேச்சுவார்த்தை தொடங்கியது. ஆலோசகர்களை அதற்கு அழைப்பதில்லை. மறுநாள் காலையில் நாங்கள் போனபோது தலைவர் மகிழ்ச்சியாக இருந்தார். விருந்தில் எதிர்த்தரப்பு ஒரு சின்ன மரியாதை கேட்டதாகவும், தானும் சரி என்றதாகவும் சொன்னார். அறைக்குள் தனிப்பட்ட சம்பவங்கள் எதையும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை என்பதுதான் அந்த மரியாதை. சூடு ஏறாமல் பேசலாம், நல்லதுதானே என்றார்.

இங்கேதான் கவனிக்கச் சொல்கிறேன். சின்ன நாடுகள் விழும் பள்ளம் இதுதான். விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டோம், நடைமுறையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நல்ல பெயர் எடுப்போம் என்று நினைப்பார்கள். அந்த விருந்தில் பழத்துண்டு வருவதற்கு முன்பே டெலியாவை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். பேச்சுவார்த்தை தொடங்கவே இல்லை, அதற்குள் பாதி முடிந்துவிட்டது. தலைவரிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மரியாதையாக நடந்தால் மரியாதை கிடைக்கும் என்று மட்டும் சொன்னார்.

என்ன கிடைத்தது என்று கேளுங்கள். எதிர்த்தரப்பின் சட்ட அதிகாரி சிரித்த முகத்துக்காரர். என் சமையலறைக் காலத்தை எங்கோ விசாரித்து அறிந்து வைத்திருந்தார். முதல் நாளே, இந்த ஹோட்டல் உங்களுக்கு நன்றாகப் பழக்கமாமே என்று விசாரித்தார். ஆம், இங்கே கத்தி எல்லாம் எந்த லாச்சியில் இருக்கும் என்றுகூடத் தெரியும் என்றேன். அதற்கும் சிரித்தார். ஆனால் நான் "லொறி" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இது தனிப்பட்ட சம்பவமா என்று கேட்பார். "மது அருந்திய சாரதி" என்றால் பேனா கீழே. "மருத்துவ ஊழியர்" என்றால் பேனா கீழே. நாள் போகப் போக, சைக்கிள் என்ற சொல்லைக்கூட அந்த அறையில் சொல்ல முடியாமல் போயிற்று. "படையின் உறுப்பினர் ஒருவரின் செயலால் மூன்றாம் நபர் ஒருவருக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதிப்பை எந்தக் கல்லறையில் புதைத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் துடிக்கும்.

கடைசியில் எங்கள் கையில் வந்த வரைவு இதுதான். சான்றிதழே முடிவானது. ஆனால் கட்டளை அதிகாரி, தீவு அரசின் கருத்தை "அனுதாபத்தோடு பரிசீலிப்பார்". இந்த அனுதாபத்தை ஒரு வெற்றியாக எங்களிடம் நீட்டினார்கள். தீவின் தலைநகரிலிருந்து தலைவருக்குத் தொலைபேசிமேல் தொலைபேசி வந்தது. விமான ஓடுபாதை வருகிறது, ஆஸ்பத்திரிக்குப் புதிய கட்டடம் வருகிறது, எல்லாவற்றையும் ஒரு பிரிவுக்காகக் கெடுத்துவிடாதீர்கள் என்றார்கள். தலைவர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் வைக்க மனதைத் தயார்படுத்திவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

எங்கள் அறையில் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன். அந்தப் பிரிவை டெலியாவின் பெயரைப் போட்டு, நம் மூவருக்கு முன்னால், ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டு ஒப்பம் வையுங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். அந்தப் பெயரை மறந்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். தீவிலிருந்து புறப்படும்போது டெலியாவின் தாய் விமான நிலைய வாசலில் நின்றதாகவும், அவன் இங்கே வந்து நீதிமன்றத்தில் நிற்பானா என்று கேட்டதாகவும், பார்ப்போம் என்று தான் பதில் சொன்னதாகவும் அப்போதுதான் சொன்னார். டெலியா அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்தவள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அடுத்த நாள் காலை அமர்வில் சிரித்த முகத்துக்காரர், எங்கள் ராணுவம் தன்னைத் தானே மிகக் கண்டிப்பாக விசாரிக்கும், அதை நம்புங்கள் என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. என் பெரியம்மாவின் மகன் யாழ்ப்பாணத்தில் ரியூசனுக்குச் சைக்கிளில் போனவன், ஆமி ட்ரக் அடித்துச் செத்தான். ஆமியை ஆமியே விசாரித்தது. சைக்கிளில் லைட் இருக்கவில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவன் செத்தது பட்டப்பகலில். இதை அப்படியே மேசையில் சொன்னேன். இது உங்கள் விதிக்குள் வராது, இது தீவில் நடந்த சம்பவம் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். முதல் தடவையாக அவருடைய சிரிப்பு நின்றது.

மத்தியானமே பலன் கிடைத்தது. படைகள்மீது தனிப்பட்ட பகை உள்ள, முன்னாள் அகதியான ஓர் ஆலோசகர் மேசையில் இருக்கும்வரை மாலையில் ஒப்பம் வைக்க முடியாது என்று எதிர்த்தரப்பு எங்கள் தலைவரிடம் சொல்லிவிட்டது. தலைவர் என்னிடம் வந்து, இன்று மாலை மட்டும் வெளியே இருக்க முடியுமா என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தால் அது மரியாதையாக இருந்திருக்காது.

நடைபாதையில் போய் உட்கார்ந்தேன். ராசன் அண்ணை வந்தார். நான் பாத்திரம் கழுவிய காலத்தில் அவர் பக்கத்துத் தொட்டியில் கழுவியவர். இப்போது மண்டபங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு, கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியும். முகம் செத்துப்போயிருந்தது.

"பிள்ளை, உன்ர பேர்ப்பலகையை மேசையில இருந்து எடுக்கச் சொல்லிப் போட்டினம்."

"ஆர் சொன்னது?"

"மற்றப் பக்கத்து ஆக்கள். உங்கட ஐயாவும் ஓம் எண்டவராம்."

"எடுத்தாச்சோ?"

"எடுத்திட்டன். என்ர வேலை அது. இஞ்ச பார்." கோட்டுப் பைக்குள்ளிருந்து என் பெயர்ப்பலகையை எடுத்துக் காட்டினார். பிறகு அதைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "பலகையைத்தான் எடுக்கச் சொன்னவை. கதிரையைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கதிரை அங்கதான் கிடக்கு."

சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் போத்தல்கள் அடுக்கப் போய்விட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பிறகு சரவணன் வந்தார். நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"மேடம், வேணாம். அந்த ரூலுக்கு நம்ம பக்கம்தான் ஒத்துக்கிட்டாங்க. இப்ப மீறினா ஆபீஸ் பேரே கெட்டுடும். அடுத்த தடவை நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க."

"ஒத்துக்கொண்டது ஆர் தம்பி? டெலியாவின்ர தாயோ?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லல மேடம்."

"எனக்குத் தெரியும். நீர் பின்வரிசையில பேசாமல் இரும். உமக்கு ஒண்டும் வராது. வதிவிடப் பெவில்லிகுங் புதுப்பிக்கிற நேரம், உம்மை நான் இதுக்குள்ள இழுக்க மாட்டன்."

சரவணன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதையும் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஒத்துக்கொண்ட விதியை மீறும் ஆலோசகரை எந்த நாடும் நம்பாது. நான் மீறியதை நீங்கள் எல்லா இடத்திலும் மீறுங்கள் என்று எழுதவில்லை. எந்த விதி யாரை வெளியே தள்ளுவதற்காகப் போடப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள் என்கிறேன்.

மாலை அமர்வுக்கு எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் உள்ளே போனேன். கதிரை அங்கேதான் கிடந்தது. பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் உட்கார்ந்தேன். எதிர்த்தரப்பில் குசுகுசுப்பு எழுந்தது. எல்லோரும் எங்கள் தலைவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்தார். வெளியே போ என்று சொல்லவில்லை.

ஒப்பம் வைக்கும் அமர்வில் பிரிவின் எண்ணை மட்டும் சொல்வார்கள். இரு தரப்பும் சம்மதம் என்று தலையாட்டும், பக்கம் புரளும். எதையும் முழுதாக வாசிப்பதில்லை. ஆனால் வாசிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இரண்டு தரப்புக்கும் உண்டு. யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை, ரயிலுக்கு நேரமாகிவிடும் என்பதால். நீதிமன்ற அதிகாரம் பற்றிய பிரிவின் எண் வந்ததும் நான் மைக்கை அழுத்தினேன். இந்தப் பிரிவை வாசிக்கக் கேட்கிறோம், நானே வாசிக்கிறேன் என்றேன். யாரும் மறுப்பதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"டெலியா என்ற தாதியை லொறியால் அடித்துக் கொன்றவர் அந்த நேரத்தில் கடமையில் இருந்தாரா என்பதை, விருந்துக்கு ஐஸ் எடுத்துவர அவரை அனுப்பிய அதிகாரியே தீர்மானிப்பார். அவருடைய தீர்மானமே முடிவானது. டெலியாவின் நாட்டு நீதிபதி எவரும் அதைக் கேள்வி கேட்க முடியாது."

பேனா கீழே வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. சிரித்த முகத்துக்காரர் எழுந்து நின்றார். ஒத்துக்கொண்ட விதி மீறப்பட்டது என்றும், இவர் இந்த அமர்வில் பெயர் குறிக்கப்பட்ட உறுப்பினரே இல்லை என்றும், உடனே வெளியேற வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். எனக்குப் பலகை இல்லை. நான் காகிதத்தைத் தலைவரின் முன்னால் வைத்தேன், கைப்பையை எடுத்துக்கொண்டேன், கதவை நோக்கி நடந்தேன். அது நீளமான மண்டபம். நான் வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். ஒரு வரி மிச்சம் இருந்தது. அதை யாராவது வாசிப்பார்கள் என்று நம்பி நடந்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

பாதி வழியில், என் முதுகுக்குப் பின்னால், மைக் இல்லாமல் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் உயரும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி வாசித்துப் பழகிய குரல்.

"விமான நிலைய வாசலில் நின்ற டெலியாவின் தாயுடைய கேள்வியை, அந்த அதிகாரி அனுதாபத்தோடு பரிசீலிப்பார்."

தலைவர் வாசித்து முடித்தார். திரும்பிப் பார்த்தேன். அவர் காகிதத்தைக் கையில் எடுத்திருக்கவே இல்லை. நேராக எதிரே இருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே போகச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் அதிகாரம் இல்லை. பிறகு தன் பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார். இந்தப் பிரிவுக்குத் தீவின் சம்மதம் இல்லை என்று பழைய குரலில், மிக மரியாதையாகச் சொன்னார்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தேன். சரவணன் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து என் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய காதுகள் சிவந்துபோயிருந்தன. இதை வெட்ட வேண்டாம் சரவணன், இருக்கட்டும்.

அன்றைக்கு எதிர்த்தரப்பு எழுந்து போய்விட்டது. தீவின் தலைநகரில் கொதித்தார்கள். ஓடுபாதையைத் தண்ணீரில் போட்டுவிட்டார் என்று தலைவரைப் பற்றி அங்கே பத்திரிகைகள் எழுதின. நமது அலுவலகத்துக்கு என்மீது நீண்ட முறைப்பாடு வந்தது. நிர்வாகம் என்னிடம் எழுத்தில் வருத்தம் தெரிவிக்கச் சொன்னது. "கேட்கும் உரிமை இருந்தது, கேட்டேன், வாசித்தேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அதில் வருத்தம் எங்கே என்று கேட்டார்கள். நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சில மாதங்களில் எதிர்த்தரப்பு திரும்பி வந்தது. வராமல் என்ன செய்யும்? தளம் அவர்களுக்குத்தானே தேவை, தீவு அங்கேயேதான் இருக்கும். என்னை அழைக்கக் கூடாது என்பது அவர்களின் முதல் நிபந்தனை. பரவாயில்லை, சரவணன் போனார். தனிப்பட்ட சம்பவங்களைப் பேசக் கூடாது என்ற மரியாதையை இந்தத் தடவை விருந்தில் கேட்டபோது தலைவர், முதலில் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டாராம். சான்றிதழ் ஒரு சாட்சியம் மட்டுமே, முடிவு தீவின் நீதிபதியுடையது, எங்கும் வழக்கு நடக்காத பழைய சம்பவங்களுக்கும் இது பொருந்தும் என்று பிரிவு மாறியது. மாறிய பிரிவில் ஒப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போன தலைவரைப் பிறகு எந்தப் பேச்சுவார்த்தைக்கும் அவருடைய அரசு அனுப்பவில்லை. அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. ராசன் அண்ணையின் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, கதிரையை ஏன் எடுக்கவில்லை என்று விசாரித்தாராம். எனக்குச் சொன்ன அதே பதிலை அவருக்கும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னதாகச் சிரித்தார். என் பெயர்ப்பலகையை இன்னும் திருப்பித் தரவில்லை.

தீவின் நீதிபதி, விருந்துக்கு ஐஸ் எடுக்கப் போவது ராணுவக் கடமை ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார். வழக்கு இப்போது திறந்திருக்கிறது. லொறி ஓட்டியவனுக்கு அழைப்பாணை போயிருக்கிறது. அவன் இன்னும் வரவில்லை. வருவானா என்று எனக்குத் தெரியாது, உங்களில் யாருக்காவது அந்த வேலை வந்து சேரலாம். தலைவர் அந்தத் தீர்ப்பின் பிரதியை எனக்கு அனுப்பியிருந்தார். "டெலியா" என்றுதான் அதன் முதல் வரி தொடங்குகிறது. நீதிபதி அதைத் திறந்த நீதிமன்றத்தில் சத்தமாக வாசித்தாராம். தாய் முன்வரிசையில் இருந்து கேட்டாராம். தலைவரும் போயிருக்கிறார், பின்வரிசையில் நின்றிருக்கிறார்.

உங்களையும் ஒரு நாள் எழுந்து போகச் சொல்வார்கள். போங்கள், தப்பில்லை. காகிதத்தை மேசையில் விட்டுவிட்டு, மெதுவாக நடந்து போங்கள்.